செல்லின் மேல் ஒரு வலை: ஒளி ஊடுருவும் ஆன்டெனா கொண்ட சோலார் பேனல், ஒரு மதிப்புரை

சிறு செயற்கைக்கோள் கட்டுகிறவர்களுக்கு எப்போதும் போதாமல் இருப்பது வெளிப்பரப்பு. க்யூப்சாட் என்பது 10 செ.மீ. கனசதுரங்களை அலகாகக் கொண்ட சிறு செயற்கைக்கோள். அப்படி மூன்றை அடுக்கிய 3யூ அளவில் நீண்ட பக்கம் 10 செ.மீ. அகலம், சுமார் 34 செ.மீ. நீளம், அவ்வளவுதான். அதில் சோலார் செல்கள் வேண்டும், தரைநிலையத்தோடு பேச ஆன்டெனா வேண்டும், ஜிபிஎஸ் ஆன்டெனாவுக்கும் சூரிய உணரிக்கும் ஆளுக்கொரு மூலை வேண்டும். எஸ் பேண்டுக்கான (2 முதல் 4 கிகாஹெர்ட்ஸ் வரை) சாதாரண பேட்ச் ஆன்டெனாவை, அதாவது தட்டையான உலோகத் தகட்டை, உள்ளே கொண்டுவந்தால் ஒரு செல்லோ இரண்டு செல்லோ வெளியே போகும். எங்கள் குழுவில் மின்சக்தி என் பொறுப்பு. அதனால் இந்த இழுபறியில் நான் எப்போதும் செல்களின் பக்கம்தான் நின்றிருக்கிறேன்.

செல்லை எடுக்காமலே, அதன் மேலேயே ஆன்டெனாவை வைத்துத் தருகிறோம் என்று சொல்லும் ஒரு பேனலை வாங்கிச் சோதனை மேசையில் வைத்துப் பார்த்தோம். இந்த மதிப்புரை அதைப் பற்றியது. எங்கள் கையில் இருப்பது இன்னும் விண்ணுக்குப் போகவில்லை. சூரிய ஒளி சிமுலேட்டர், அலை எதிரொலிக்காத சோதனை அறை, வெற்றிட வெப்பக்கலம் ஆகியவற்றில் பார்த்ததை வைத்தும், கணக்குப் போட்டதை வைத்தும்தான் எழுதுகிறேன். தயாரிப்பாளரின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதே அமைப்பில் யார் செய்தாலும் இதே கேள்விகள்தான் எழும்.

பொருள் இதுதான். 3யூ நீளப் பக்கத்துக்கான சர்க்யூட் போர்டில் 80க்கு 40 மி.மீ. அளவில் மூவடுக்கு செல்கள் (ஒவ்வொரு அடுக்கும் ஒளியின் ஒரு பகுதியை வாங்கும்) ஏழு, ஒன்றன் கீழ் ஒன்றாக, தொடர் இணைப்பில். ஓரம் வெட்டிய இந்தச் செல்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 30 சதுர செ.மீ. பூமிக்கு வெளியே சூரிய ஒளி சதுர மீட்டருக்கு சுமார் 1,361 வாட். செல்லின் திறன் 29 சதவீதத்தைத் தாண்டுவதால் நேர் ஒளியில் ஒரு செல் 1.2 வாட் வரை தரும், ஏழும் சேர்ந்து 8.4 வாட். ஓரத்துச் செல் ஒன்றின் மேல் மட்டும் 2 மி.மீ. தடிமனில் ஒரு குவார்ட்ஸ் கண்ணாடி ஒட்டியிருக்கிறது. அந்தக் கண்ணாடியின் மேற்புறத்தில் 33 மி.மீ. சதுரமாக ஒரு வலை: செம்புக் கோடுகள், மேலே தங்கப் பூச்சு, கோட்டின் அகலம் 0.15 மி.மீ., கோட்டுக்குக் கோடு 3 மி.மீ. தூரம். செல்லின் வெட்டிய மூலையில் கிடைக்கும் சின்ன முக்கோண இடத்தில் கனெக்டரை வைத்து, அங்கிருந்து வலைக்கு ஒரு மெல்லிய கோடு போட்டிருக்கிறார்கள். செல்லைத் துளைத்துக் கம்பி கொண்டுவர முடியாது என்பதால் இந்த மூலையைப் பயன்படுத்தியது நல்ல யோசனை. செல்லின் அடியில் உள்ள உலோகமும் போர்டின் செம்பும்தான் ஆன்டெனாவுக்குத் தரைத்தளம், அதாவது வலைக்கு எதிரே இருக்க வேண்டிய உலோகப் பரப்பு.

எனக்கு இதில் முதலில் பிடித்தது செல்லோ வாட்டோ அல்ல, நகரும் பாகம் ஒன்றுகூட இல்லாததுதான். 1999இல் அமெரிக்கப் பேராசிரியர்களான ஜோர்டி புய்க்-சுவாரியும் பாப் ட்விக்ஸும் க்யூப்சாட் அளவை வகுத்த காலத்திலிருந்து, 2003 ஜூனில் முதல் தொகுதி ரஷ்யாவின் பிளெசெட்ஸ்கிலிருந்து ஏவப்பட்டதிலிருந்து, பல சின்னச் செயற்கைக்கோள்கள் சுருட்டிவைத்த எஃகு நாடாவைத்தான் ஆன்டெனாவாகக் கொண்டுபோகின்றன. நைலான் நூலால் கட்டி, மேலே போனதும் சூடான மின்தடையால் நூலை எரித்து, நாடா விரியும் என்று காத்திருக்க வேண்டும். விரியவில்லை என்றால் கோள் உயிரோடு இருந்தும் ஊமையாகிவிடும். மாதக்கணக்கில் பாடுபட்ட குழுக்களுக்கு முதல் சுற்றிலேயே அந்த மௌனம் என்ன செய்யும் என்பதை இந்தத் துறையில் இருப்பவர்கள் அறிவார்கள். கண்ணாடியோடு ஒட்டிய ஆன்டெனாவில் அந்தப் பயம் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தப் பொருளை மதிப்போடு அணுக வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒளி ஊடுருவும் ஆன்டெனா என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது தொடுதிரைகளில் பூசும் இண்டியம் டின் ஆக்சைடு. வலைக்குப் பதில் அதைப் பூசினால் கோடே தெரியாதே என்று எங்கள் குழுவிலும் கேட்டார்கள். 2.25 கிகாஹெர்ட்ஸில் செம்பில் மின்னோட்டம் மேற்பரப்பிலிருந்து சுமார் 1.4 மைக்ரான் ஆழத்துக்குள்தான் ஓடுகிறது. இண்டியம் டின் ஆக்சைடு எவ்வளவு நன்றாகப் பூசினாலும் செம்பைவிடப் பல பத்து மடங்கு மோசமான கடத்தி. அதே அளவு நன்றாக வேலை செய்ய அது பத்து மைக்ரான் அளவில் தடித்திருக்க வேண்டும். ஆனால் ஒரு மைக்ரானை எட்டுவதற்குள்ளேயே ஒளி மங்கத் தொடங்கிவிடும். ஒளியைக் காப்பாற்றினால் அலை வெப்பமாகிப் போகிறது, அலையைக் காப்பாற்றினால் ஒளி போகிறது. போதாக்குறைக்கு அது அகச்சிவப்பு ஒளியையும் உறிஞ்சும். மூவடுக்கு செல்லின் அடியில் இருக்கும் ஜெர்மேனியம் அடுக்குக்கு அதுதான் தீனி. (அந்த அடுக்கில் மின்னோட்டம் சற்று உபரியாக இருப்பதால் அடி உடனே வெளியே தெரியாது, அது வேறு.) வலை அப்படியில்லை, எல்லா நிறத்தையும் ஒரே அளவில் மறைக்கிறது. எந்த அடுக்குக்கும் ஓரவஞ்சனை இல்லை.

வலையும் புதிய யோசனை அல்ல. யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டிமதி டர்பினும் ரேஹான் பக்தூரும் செல்களின் மேல் வலைபோன்ற பேட்ச் ஆன்டெனாவை வைக்கும் ஆய்வை 2009இலேயே வெளியிட்டார்கள். கோட்டை இன்னும் மெல்லியதாக்கி எண்ணிக்கையைக் கூட்டினால், மறைக்கும் பரப்பு மாறாமலே ஆன்டெனாவின் திறனை உயர்த்தலாம் என்பது அந்த வழியில் கிடைத்த பயனுள்ள பாடம். இன்னொரு வழியும் இருக்கிறது: செல்லையும் ஆன்டெனாவையும் ஒரே பலகையின் இரண்டு முகங்களில் வைப்பது. நாசாவின் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியின் ஐசாரா என்ற 3யூ கோள் 2017இல் அப்படித்தான் போனது. விரியும் சோலார் பலகைகளின் முதுகில் அச்சிட்ட பிரதிபலிப்பான், 26 கிகாஹெர்ட்ஸ், வினாடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேல். அங்கே ஒளி ஊடுருவ வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் பலகை விரிந்தாக வேண்டும், கோள் துல்லியமாகத் திரும்ப வேண்டும். எங்களைப்போல உடம்போடு ஒட்டிய பேனல் வைத்திருப்பவர்களுக்கு அது உதவாது.

2 மி.மீ. கண்ணாடி எதற்கு, செல்லின் மேல் ஏற்கெனவே இருக்கும் கவர் கிளாஸிலேயே வலையைப் போட்டால் என்ன என்று முதலில் நானும் எடைக் கணக்குப் பார்த்துக் கேட்டேன். கவர் கிளாஸ் 0.1 முதல் 0.15 மி.மீ. வரைதான். பேட்சுக்கும் தரைத்தளத்துக்கும் இடையே அவ்வளவு குறைந்த தூரம் இருந்தால் ஆன்டெனா ஒரு மெகாஹெர்ட்ஸ் அகலத்தில்தான் ஒத்திசையும், அதிலும் சக்தியில் பெரும்பகுதி வெளியே போகாமல் உள்ளேயே சூடாகும். 2 மி.மீ. குவார்ட்ஸில் எனக்கு வரும் கணக்கு ஏறக்குறைய 25 மெகாஹெர்ட்ஸ். ஒத்திசைவை அளக்கும் எங்கள் நெட்வொர்க் அனலைசரிலும் அதையொட்டித்தான் வந்தது. கோளிலிருந்து தரைக்கு அனுப்புவதற்கான, 2,200 முதல் 2,290 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள இறக்குப் பட்டை முழுவதையும் அது மூடாது, ஆனால் உரிமம் பெற்ற ஒரு அலைவரிசைக்குத் தாராளம். எடை சுமார் 14 கிராம். கொடுக்கலாம். வாங்குகிறவர்கள் அலைவரிசையை முன்கூட்டியே உறுதிசெய்து எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். வலையில் மின்னோட்டம் வளைந்து வளைந்து ஓடுவதால், அதே அளவு முழுத் தகட்டைவிட ஒத்திசைவு கீழே இறங்கும். பிறகு சுரண்டிச் சரிசெய்யவும் கண்ணாடியில் வழியில்லை.

இனி என் பகுதி. இந்தப் பொருளின் விவரத்தாளில் எனக்குக் கோபம் வந்த இடமும் இதுதான்.

விவரத்தாளில் இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்று, வலை 90 சதவீதம் ஒளியை விடுகிறது. இது உண்மை. 3 மி.மீ. கட்டத்தில் 0.15 மி.மீ. கோடு என்றால் ஒவ்வொரு திசையிலும் 5 சதவீதம் மறைகிறது, சேர்த்துப் பார்த்தால் 90க்குக் கொஞ்சம் மேல். இரண்டாவது, பேனலின் மொத்த மின்சக்தி இழப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழ். இது பரப்பளவைச் சராசரி போட்ட கணக்கு. ஏழு செல்லின் பரப்பில் ஒரு மூலையில் சின்ன வலை, ஆகவே இழப்பு சொற்பம் என்கிறார்கள். சோலார் செல் அப்படி வேலை செய்யாது.

ஏழு செல்லும் தொடரில் இருக்கின்றன. வரிசையாக நின்று வாளி கைமாற்றுகிறவர்களில் ஒருவர் மெதுவானால் மொத்த வரிசையும் அவர் வேகத்துக்கு இறங்குவதுபோல, மின்னோட்டம் குறைந்த செல் எதுவோ அதுதான் ஏழுக்கும் வரம்பு. வலை அந்த ஒரு செல்லின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மூடுகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு மறைவு என்றால் அந்தச் செல்லுக்கு 3.5 சதவீத இழப்பு. கண்ணாடியின் மேற்பரப்பில் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு இல்லை. குவார்ட்ஸின் வெறும் மேற்பரப்பு மூன்றரை சதவீதம் ஒளியைத் திருப்பி அனுப்பும். பூச்சுள்ள கவர் கிளாஸோடு ஒப்பிட்டால் இன்னும் இரண்டு சதவீதம் போகிறது. ஆக அந்தச் செல்லின் மின்னோட்டம் ஐந்தரை சதவீதம் குறைவு, அது மொத்த வரிசையையும் கீழே இழுக்கிறது. மற்ற ஆறும் சற்றுக் குறைந்த மின்னோட்டத்தில் ஓடும்போது மின்னழுத்தத்தை லேசாக உயர்த்தி ஒரு பகுதியை ஈடுகட்டுகின்றன. சிமுலேட்டரில் எங்களுக்குக் கிடைத்த நிகர இழப்பு 4 சதவீதத்தை ஒட்டியது. விவரத்தாள் சொன்னதைப்போல நான்கு மடங்குக்கு மேல். பலவீனமான செல்லைச் சுற்றி மின்னோட்டத்தைத் திருப்பிவிடும் பைபாஸ் டையோடு காப்பாற்றுமே என்று கேட்கலாம். செல் முழுக்க நிழலில் விழுந்தால்தான் அது கைகொடுக்கும். இந்த மாதிரி மெல்லிய நிழலில் அது வாயே திறக்காது.

4 சதவீதம் பெரிய விஷயமா? ரேடியோ பகுதியைப் பார்க்கும் தோழியோடு இதைப் பற்றி நீளமாகப் பேசினேன். வலையின் கோடுகளை இன்னும் தடிமனாக்கச் சொல்லிக் கேட்கலாம் என்பது அவர் கட்சி. “ரெண்டு டெசிபல் மட்டும் எனக்குக் கொடுங்க, மீதிய நீங்களே வச்சுக்குங்க” என்றார். சோதனை அறையில் இந்த வலை ஆன்டெனா, அதே கண்ணாடியில் முழுத் தகடாகச் செய்த ஆன்டெனாவைவிட ஏறக்குறைய 2 டெசிபல் கீழேதான் இருந்தது. 2 டெசிபல் என்றால் அனுப்பும் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீண். அதை ஈடுகட்ட டிரான்ஸ்மிட்டரை 1.6 மடங்கு ஓட்ட வேண்டும்.

இரண்டையும் ஒரே அலகில் வைத்துப் பார்த்தேன். டிரான்ஸ்மிட்டர் 5 வாட் இழுக்கிறது, ஒரு நாளில் நான்கு முறை எட்டெட்டு நிமிடம் பேசுகிறது என்று வைத்தால் 2.7 வாட்-மணி. 2 டெசிபலை ஈடுகட்டக் கூடுதலாக 1.6 வாட்-மணி. இனி ஒளியின் பக்கம். 500 கி.மீ. உயரத்தில் ஒரு சுற்றில் ஒரு மணி நேரம் வெயில், நாளுக்கு 15 சுற்று. பேனல் சூரியனையே பார்த்திருந்தால் 126 வாட்-மணி வரும், அதில் 4 சதவீதம் 5 வாட்-மணி. கோள் கட்டுப்பாடில்லாமல் உருள்கிறது என்றால் சராசரி ஒளி நாலில் ஒன்றாகி, இழப்பும் 1.3 வாட்-மணிக்கு இறங்கும். நிழல் வெயில் இருக்கும் நேரமெல்லாம் தின்கிறது, டெசிபல் பேசும் நிமிடங்களில் மட்டும் தின்கிறது. உருளும் கோளில் இரண்டும் ஏறத்தாழ சமம். சூரியனை நோக்கிய கோளில் நிழலின் செலவு மூன்று மடங்கு. கோட்டைத் தடிமனாக்குவதற்கு நான் ஒப்புக்கொள்ளாததற்கு இதுதான் காரணம். கணக்கைக் காட்டியதும் தோழியும் சரி என்றார். இருந்தாலும் அடிவானத்தை ஒட்டிக் கோள் 2,000 கி.மீ. தள்ளியிருக்கும்போது 2 டெசிபல் இணைப்பை அறுத்துவிடும் என்ற அவர் கவலை நியாயமானது. தலைக்கு மேலே வரும்போது தூரம் 500 கி.மீ.தான், 12 டெசிபல் சும்மா கிடைத்துவிடுகிறது. சிரமமெல்லாம் பாஸின், அதாவது கோள் நம் வானத்தைக் கடக்கும் நேரத்தின், இரண்டு ஓரங்களில்தான்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகு எனக்குத் தோன்றிய ஒன்றைத் தயாரிப்பாளருக்கு எழுதினேன், இங்கேயும் சொல்கிறேன். ஒரு செல்லில் வலை போட்டு வரிசை முழுக்க 4 சதவீதம் இழந்தாயிற்று. இன்னும் மூன்று செல்களிலும் அதே வலையைப் போட்டால் இழப்பு ஐந்தரை வரைதான் ஏறும். ஒன்றரை சதவீதத்துக்கு நான்கு ஆன்டெனா கிடைக்கும். நான்கின் அலைகளும் ஒன்றாக ஏறி இறங்கும்படி, அதாவது ஒரே கட்டத்தில், ஓட்டினால் இணைப்புக் கம்பிகளின் இழப்பு போக 5 டெசிபலாவது கூடும். கற்றை குறுகிவிடும் என்பதால் உருளும் கோளுக்கு இது ஆகாது, திசை திருப்பத் தெரிந்த கோளுக்கு அருமையாகப் பொருந்தும். ஒரே ஒரு ஆன்டெனாதான் வேண்டும் என்றால் அதற்கும் செலவில்லாத வழி உண்டு. ஒரே தொகுதியில் வரும் செல்களுக்குள்ளும் மின்னோட்டம் ஓரிரு சதவீதம் முன்பின்னாக இருக்கும். இருப்பதில் அதிக மின்னோட்டம் தரும் செல்லை வலைக்குக் கீழே வைத்தால் இழப்பில் பாதி வரை மறைந்துவிடலாம். செல்களை அளந்து பிரிக்கும் வேலையை எப்படியும் செய்கிறார்கள், ஆனால் எது எந்த இடத்துக்குப் போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. எங்களுக்கு வந்த பேனலில் ஏழும் ஒரே தரத்தில் கண்ணை மூடிக்கொண்டு அடுக்கப்பட்டிருந்தன. பேனல் செய்கிற அறையும் ஆன்டெனா செய்கிற அறையும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

ஆன்டெனாவின் மற்ற குணங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விளக்கைப் போட்டாலும் அணைத்தாலும் ஒத்திசைவு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நகரவில்லை. வட்டத் துருவமாக்கம் (அலையின் மின்புலம் சுழன்றுகொண்டே போவது) வருகிறது, அதற்காக வலையின் இரண்டு மூலைகளை வெட்டியிருக்கிறார்கள். நேர்கோட்டுத் துருவமாக்கம் போதும் என்றால் மின்னோட்டத்துக்குக் குறுக்கே போகும் கோடுகளில் பாதியை எடுத்துவிட்டு நிழலை மேலும் குறைத்திருக்கலாம். ஆனால் தரையில் வட்டத் துருவ ஆன்டெனா இருந்தால் 3 டெசிபல் போகும். இவர்கள் தேர்ந்ததுதான் சரி. செல்லின் மேலுள்ள மெல்லிய வெள்ளிக் கோடுகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பதும் ஆன்டெனாவைப் பாதிக்கிறது. இரண்டு துருவ திசைகளுக்கும் இடையே சின்ன ஏற்றத்தாழ்வு தெரிந்தது. பொறுத்துக்கொள்ளலாம்.

இரைச்சல் விஷயத்தில் கவனம் தேவை. செல்லிலிருந்து வரும் மின்சாரம் போய்ச் சேரும் கன்வெர்ட்டர் நூற்றுக்கணக்கான கிலோஹெர்ட்ஸில் விட்டுவிட்டு இயங்குகிறது. அதன் மேலதிர்வுகள் செல்லின் கம்பி வழியாகத் திரும்பி வந்தால், ஆன்டெனாவின் தரைத்தளமே இரைச்சல் மூலமாகிவிடும். இறக்குப் பாதைக்கு மட்டும் பயன்படுத்தினால் பரவாயில்லை, இதிலேயே கட்டளைகளையும் வாங்கப்போகிறவர்கள் செல் கம்பிகளில் சோக் (இரைச்சலைத் தடுக்கும் கம்பிச்சுருள்) போட இடம் விட வேண்டும். பேனலில் அதற்கு இடமே வைக்கவில்லை. நாங்கள் எங்கள் மின்சக்தி போர்டின் பக்கம் வைத்துக்கொண்டோம்.

விண்வெளிக்குத் தாங்குமா? தங்கப் பூச்சைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி. தாழ்வட்டப் பாதையில் அணு ஆக்சிஜன் வெள்ளியை அரித்துவிடும், திறந்த வெள்ளி மையில் அச்சிட்ட வலை மேலே போய் ஆக்சைடாகி உரிந்துவிடலாம். பாலியெஸ்டர் படலத்தில் வலை போட்டு ஒட்டித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் இந்தக் காரணத்தாலேயே மறுத்துவிடுங்கள், படலமும் தேயும், புற ஊதாவில் மஞ்சளும் ஆகும். குவார்ட்ஸில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் குவார்ட்ஸ் கண்ணாடி வெப்பத்தில் மிகமிகக் கொஞ்சமே நீளும், ஜெர்மேனியம் அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் நீளும். வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே 100 டிகிரி மாறினால் 80 மி.மீ. நீளத்தில் 40 மைக்ரானுக்கு மேல் வித்தியாசம் வரும். நடுவிலிருக்கும் சிலிகோன் பசை மென்மையாகவும் போதிய தடிமனோடும் இருந்தால் அதை வாங்கிக்கொள்ளும், மெல்லியதாக இழுத்துத் தேய்த்திருந்தால் இழுபறி செல்லில்தான் விழும். வெப்பச் சுழற்சிக்குப் பிறகு எங்கள் மாதிரியில் விரிசல் எதுவும் இல்லை, செல்லின் மின்னோட்ட-மின்னழுத்த வளைகோடும் மாறவில்லை. ஆனாலும் பசையின் தடிமனும் வெற்றிடத்தில் அது விடும் வாயுவின் அளவும் விவரத்தாளில் இல்லை. மொத்த எடையிழப்பு 1 சதவீதத்துக்குக் கீழ், படியக்கூடிய ஆவி 0.1 சதவீதத்துக்குக் கீழ் என்பது எல்லோரும் கேட்கும் அடிப்படைச் சான்று. அதை இரண்டு முறை கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கேமரா லென்ஸுக்குப் பக்கத்தில் ஒட்டப்போகிற ஒரு பொருளுக்கு இந்தச் சான்று பெட்டியிலேயே வர வேண்டும்.

கடைசியாக, வாங்கும் முன் ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டியது திசை. விளம்பரப் படத்தில் பேனல் சூரியனையும் பார்க்கிறது, பூமியோடும் பேசுகிறது. சுற்றுப்பாதையில் இரண்டும் ஒரே பக்கம் இருப்பது பெரும்பாலும் இரவில்தான். கோளின் ஒரு முகம் எப்போதும் சூரியனை நோக்கி நிற்கிறது என்றால், பகல் பக்கத்தின் மேலே பறக்கும்போது பூமி அதன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். அந்த முகத்தில் ஒட்டிய ஆன்டெனா வெட்டவெளியைப் பார்த்துப் பேசும். பூமியின் நிழலுக்குள் போகும்போதுதான் அது தரையைப் பார்க்கும். பகலில் வரும் பாஸ்களுக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு ஆன்டெனா வேண்டும். விடியல்-அந்தி எல்லையை ஒட்டியே சுற்றும் பாதையில் பூமி எப்போதும் பக்கவாட்டில் கிடக்கும், ஆன்டெனாவின் கற்றை ஓரத்தில்தான் தொடும். ஆகவே சூரியனை நோக்கி நிற்கும் கோளுக்கு இந்தப் பேனல் ஒன்று மட்டும் போதாது.

நாலு பக்கமும் செல் ஒட்டி, மெதுவாகச் சுழன்றுகொண்டே போகும் கோள்களுக்குத்தான் இது உண்மையில் பொருந்துகிறது. எந்த நேரத்தில் எந்த முகம் தரையைப் பார்க்கும் என்று தெரியாத கோளுக்கு எல்லா முகத்திலும் ஆன்டெனா வேண்டும். ஒளிமறைக்கும் பேட்சை எல்லா முகத்திலும் ஒட்டினால் செல்லுக்கு இடமே இராது. அங்கே ஒவ்வொரு முகத்துக்கும் 4 சதவீதம் கொடுத்து, விரியும் நாடாவையும் தூக்கிப்போட்டு, நான்கு பக்கமும் பேசும் கோளைப் பெறுவது நல்ல பேரம்.

எங்களுடையது அந்த வகைக் கோள்தான், அதனால் வாங்குகிறோம். ஆர்டரில் நான்கு நிபந்தனைகள் சேர்த்திருக்கிறேன்: கண்ணாடியின் மேல் பிரதிபலிப்பைக் குறைக்கும் மெக்னீசியம் ஃப்ளோரைடு பூச்சு, வலைக்குக் கீழே தொகுதியிலேயே அதிக மின்னோட்டம் தரும் செல், செல் கம்பியில் சோக்குக்கு இடம், வலை ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த மின்னோட்ட-மின்னழுத்த வளைகோடு ஒவ்வொரு பேனலோடும். முதல் மூன்றுக்கும் தயாரிப்பாளர் ஒப்புக்கொண்டுவிட்டார். நான்காவதற்குக் கூடுதல் நேரமாகும் என்கிறார். அதற்காகக் காத்திருப்பதாகப் பதில் எழுதிவிட்டேன், ஏனென்றால் அந்த வளைகோடு இல்லாமல் பேனல் வந்தால் அதை நாங்களே எடுக்க முடியாது. வலை ஒட்டியாகிவிட்டால் ‘முன்’ என்பது போய்விட்டது.